கலெக்டர் போடாத முட்டைகள்

மகனே,

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும். மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு ஏலக்காய்ப் பண்டகசாலையில் முப்பது வருடமாகத் தமிழ்க் கடிதங்கள் எழுதுகிறவன் நான். போடிக்கும் விருதுநகருக்கும் போன கடிதங்களில், சரக்கு முழுவதும் பூசணம் பிடித்துப்போனதைச் சொல்லும் கடிதத்தைக்கூட நலம் என்றுதான் தொடங்கியிருக்கிறேன். இந்த ஒரு கடிதத்தில் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். உன்னை மலையாளப் பள்ளியில் சேர்த்தது நான்தான், அதனால் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரே நாளில் படித்து முடிக்க வேண்டாம். முடிந்தபோது ஒரு பக்கம் படி.

நீ நாற்பது நாள் விடுப்பில் வந்து பத்தொன்பதாம் நாள் திரும்பிப் போனாய். வெலிங்டன் தீவில் உன்னைப் பம்பாய் விமானத்தில் ஏற்றிவிட்டு நானும் அம்மாவும் படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா உன் தலையணை உறையைத் துவைக்க எடுத்தாள். துவைக்காமல் என்னிடம் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். அத்தனையும் முடி. இருபத்து மூன்று வயதுக்காரன் பத்தொன்பது நாளில் விட்டுப்போன முடி. அதைப் பார்த்ததும் எனக்கு நம் கோழி ஞாபகம் வந்தது. பெற்ற பிள்ளையின் முடியைப் பார்த்துக் கோழியை நினைக்கிற தகப்பன் என்று நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படி. கலெக்டரைப் பற்றி நான் உன்னிடம் இரண்டு பொய்கள் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

கலெக்டர் நம் வீட்டுக்கு வந்தது பெருநாளைக்கு அறுபடுவதற்காக. உனக்கு அப்போது ஒன்பது வயது. கூடையில் மூடி வைத்திருந்த கோழி, பெருநாள் காலையில், நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து ஒரு முட்டை போட்டது. இவ்வளவு சமயோசிதமான காரியத்தை அதற்கு முன்னும் பின்னும் நம் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. அம்மா கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "போடுற கோழியை எப்படிங்க அறுக்கறது? போடுற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். அந்தப் பேச்சில் கருணை எவ்வளவு, நிபந்தனை எவ்வளவு என்று நான் அன்று பிரித்துப் பார்க்கவில்லை. நீதான் பெயர் வைத்தாய். கழுத்தை நீட்டிக்கொண்டு அடுத்தவர் முற்றத்தையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பிவரும் அந்த நடையைப் பார்த்து, கலெக்டர் என்றாய். மாடிப்படிக்குக் கீழே ஒரு தேயிலைப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கொடுத்தோம். நீ பாடம் படிக்கும்போது அது உன் மடியில் வந்து உட்காரும். நீ எழுதுவதைக் கவனித்துப் பார்க்கும். உன் மலையாளக் கையெழுத்தை நம் வீட்டில் மரியாதையோடு பார்த்த ஒரே உயிர் அதுதான்.

இரண்டு வருடம் ஒழுங்காகப் போட்டது. மூன்றாம் வருடம் ஐப்பசியில் துலா மழை தொடங்கிய வாரத்தில் இறகு கொட்டத் தொடங்கியது. முதலில் கழுத்து, பிறகு நெஞ்சு. முட்டை நின்றது. வீட்டில் ஆளுக்கொரு நோய் கண்டுபிடித்தோம். பேன் என்று நீ சொன்னாய், அடுப்புச் சாம்பலை எடுத்து அதன்மேல் கொட்டினாய். அம்மா அதைப் புரட்டிப் போட்டு வெறும் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "இது அடை. அடைக்கு உக்காருற கோழி நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கும்" என்றாள். அடை காக்கும் கோழி பெட்டியை விட்டு எழுந்திருக்காது. கலெக்டரோ பெட்டிப் பக்கமே போகவில்லை. அதை ஒருவரும் யோசிக்கவில்லை. உதிர்ந்த இறகு ஒன்றையே எடுத்து அதன் மூக்குத் துளையில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்தோம். மூக்கில் இருப்பதை எடுக்கும் வேலையில் அடையை மறந்துவிடும் என்பது சாஸ்திரம். ஒரு துக்கத்தை மறக்க இன்னொரு துக்கத்தைச் செருகும் இந்த வைத்தியத்தை மனிதர்களுக்கும் செய்து பார்த்திருக்கிறார்கள், பலன் தெரியாது. பிறகு கிணற்றுத் தண்ணீர் வாளியில் மூன்று முறை முக்கினோம். நீ அழுதாய். பாதி மொட்டையாக, மூக்கில் இறகோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட கலெக்டர் முற்றத்தில் நின்றது.

கிணற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தங்கம்மா சேச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடையுமில்ல, பேனுமில்ல. அது தூவல் கொழியிற காலமாணு. வருஷம் ஒருக்கா எல்லாக் கோழிக்கும் பழைய தூவல் போயி புதுசு வரும். மூணு மாசம் முட்டை இடாது. அதுவரைக்கும் அதைச் சும்மா விடுங்க" என்றாள்.

அம்மா உள்ளே வந்து என்னிடம், "மூணு மாசம் சும்மா விடறதுக்கு அது என்ன சர்க்கார் உத்தியோகமா?" என்றாள். அதன் பெயர் அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை.

நான் படித்தவன் அல்லவா, சேச்சி சொன்னதை நம்பாமல் வாசகசாலைக்குப் போனேன். அங்கே சர்க்கார் அச்சடித்து யாரும் திறக்காத கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. சேச்சி சொன்னதையே அது பத்துப் பக்கத்தில் சொல்லியது. இறகும் முட்டையும் ஒரே சரக்கில் செய்யப்படுகின்றன. உடம்பு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். தலை, கழுத்து, நெஞ்சு, முதுகு, சிறகு, வால் என்ற வரிசையில் பழையது போய்ப் புதியது வரும். அதுவரை கொண்டை வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். தீனி குறைக்காதே, விரட்டாதே, காத்திரு. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், மூன்று மாதம் பொறு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டிலிருந்து உன் மாமா வருவதாகக் கடிதம் வந்திருந்தது. முட்டை நின்று ஒன்பது நாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் மல்லியும் மிளகும் வறுத்து வைத்தாள். அந்த வாசனை வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது, உனக்கும்தான். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் வாக்கியத்தை மனசுக்குள் எழுதினேன், திருத்தினேன், நல்ல நடையில் திரும்ப எழுதினேன். சொல்லத்தான் இல்லை. சொன்னால் அவள் ஒன்று கேட்பாள், அதற்கு நான் ஒன்று சொல்ல வேண்டும், அப்படியே அது வளரும். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகுத்துறைக்கு அருகில் பாப்பச்சன் சேட்டன் கடையில் ஒரு நாட்டுக்கோழி முட்டை வாங்கினேன்.

பாப்பச்சன் ஒவ்வொரு முட்டையிலும் அது வந்த கிழமையைப் பென்சிலால் குறித்து வைப்பவர். அந்தக் குறியை அலுவலக ரப்பரால் அழித்தேன். முட்டை வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டுமே. சனிக்கிழமை காலை அதை அக்குளில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பத்திரிகை வாசித்தேன், பிறகு தேயிலைப் பெட்டியில் வைத்தேன். நீதான் முதலில் பார்த்தாய். "அம்மா! கலெக்டர் போட்டிருச்சு!" என்று நீ கத்திய கத்தல் இன்னும் எனக்குக் கேட்கிறது. மாமா வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார். மகனே, உன் முதல் பொய் இதுதான். அதாவது உனக்கு நான் சொன்ன முதல் பொய். அந்த வருடம் துலா மழையிலிருந்து தை மாதம் வரை நம் வீட்டில் கலெக்டர் ஒரு முட்டைகூடப் போடவில்லை. எல்லாம் என்னுடையவை.

வாயால் சொன்ன பொய்யை ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடலாம். முட்டையை அப்படி விட முடியாது, மறுநாளும் வேண்டும். தினமும் சாயங்காலம் காலியான டிபன் பாக்ஸில் ஒரு முட்டையோடு நான் வீடு திரும்பினேன். ஒரு நாள் பாப்பச்சன் கடையில் கோழி முட்டை தீர்ந்துபோயிற்று. "சாரே, இன்னைக்குத் தாறாவு முட்டை தரட்டே? நல்ல பெரிசு" என்று வாத்து முட்டையைக் காட்டினார். "வேண்டாம் சேட்டா, கோழிக்குக் கஷ்டம்" என்றேன். அவர் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார். "யாருக்குக் கஷ்டம்?" என்று கேட்டார். அன்று இடப்பள்ளி வரை போய்க் கோழி முட்டை வாங்கினேன்.

மொட்டைக் கோழி நாள் தவறாமல் போடுகிறது என்ற பேச்சு தெருவில் பரவியது. தங்கம்மா சேச்சி ஒரு நாள் கலெக்டரைத் தூக்கி, அதன் பின்பக்கத்து எலும்புகளுக்கு இடையில் விரல் வைத்துப் பார்த்தாள். போடுகிற கோழி என்றால் அங்கே மூன்று விரல் போகும். "ஒரு விரல்கூடப் போகலியே சாரே. கொண்டையும் வெளுத்துக் கிடக்கு. இது எங்ஙனெ இடுது?" என்றாள். கேள்வி என்னிடம்தான். "ஆண்டவன் செயல்" என்றேன். சேச்சி அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பதிலுக்கு மேல் நம் தெருவில் யாரும் கேட்பதில்லை.

இதுவரை சொன்னது ஒரு குமாஸ்தாவின் கோமாளித்தனம். இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை. அந்த டிசம்பரில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். அரையாண்டுப் பரீட்சை பன்னிரண்டு நாளில் இருந்தது. நீ வருடத்தை இழந்துவிடுவாயோ என்று எனக்குப் பயம். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் கலெக்டர் நின்றுகொண்டிருந்தது. நான் அதைக் காட்டி, "பாருடா அதை. உடம்புலே இறகே இல்ல. ஒரு நாள் நிறுத்துச்சா? நீ கஞ்சியைக் குடிச்சுட்டுப் படுத்திருக்கே" என்றேன். அன்று காலையிலும் என் அக்குளில் முட்டை இருந்தது. நீ கோழியைப் பார்த்தாய், கோழி உன்னைப் பார்த்தது. அது ஒன்றும் மறைக்கவில்லை. வெளுத்த கொண்டையும் ஒடுங்கிய உடம்புமாக உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் நின்றது. நீ என்னை நம்பினாய். எழுந்து உட்கார்ந்தாய், புத்தகத்தை எடுத்தாய். பரீட்சை அறைக்கு வெளியே இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு உள்ளே போய் எழுதினாய். வகுப்பில் இரண்டாவதாக வந்தாய். பலித்துவிட்ட பொய்யைத் திருத்த எந்தத் தகப்பனுக்கும் மனசு வராது. அதன் பிறகு காய்ச்சல், மழை, சாவு விழுந்த மையத்து வீடு எதற்காகவும் நீ ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்ததில்லை. பிள்ளை எவ்வளவு பொறுப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

தை பிறந்த வாரம் ஒரு காலையில் என் முட்டையோடு பெட்டியருகில் குனிந்தேன். வைக்கோலில் ஏற்கனவே ஒன்று இருந்தது, என்னுடையதைவிடச் சூடாக. கலெக்டர் புது இறகோடு, சிவந்த கொண்டையோடு பக்கத்தில் நின்று என் கையிலிருந்ததைப் பார்த்தது. என் முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன். அது அலுவலகத்தில் உடைந்தது. தொண்ணூறு நாள் பொறுத்திருந்தால் தானாக நடந்திருக்க வேண்டியது, நடந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் மாமா மறுபடி வந்தார். "இறகில்லாமப் போட்ட கோழியாமே! இந்த வம்சம் எங்க ஊருக்கு வேணும்" என்றார். நீ அழுவாய் என்று நினைத்தேன். ஆனால் பரிசு வாங்கும் பையனைப் போல நிமிர்ந்து நின்று கூடையை நீட்டினாய். அடுத்த துலா மழையில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. கலெக்டர் இறகைக் கொட்டிவிட்டு ஐந்து நாளாக ஏமாற்றியதாகவும், வெள்ளிக்கிழமை குழம்பு வைத்ததாகவும், நன்றாக இருந்ததாகவும் எழுதியிருந்தார். சாதாரணக் கோழியாக இருந்தபோது நம் வீட்டில்கூட அதற்கு ஒன்பது நாளுக்கு மேல் தவணை கிடைத்தது. ஓய்வே வேண்டாத கோழி என்று நான் பெயர் வாங்கிக் கொடுத்திருந்ததால் கலெக்டருக்கு ஐந்து நாள்தான் கிடைத்தது. நீ கடிதத்தில் என்ன என்று கேட்டாய். "மாமா வீட்டுலே இன்னும் போட்டுட்டுத்தான் இருக்கு" என்றேன். இது இரண்டாவது பொய்.

நீ கல்ஃபில் கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போனபோது, கோழி மேல் இருந்த பிரியம் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். இந்த விடுப்பில் ஒரு நாள், சாயா குடித்துக்கொண்டே உன் ஷெட்டைப் பற்றி எனக்கு நீயே சொன்னாய்.

"பதினாறு மணி நேரம் லைட்டு அத்தா. பொழுது சுருங்குதுன்னு கோழிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நிறுத்திரும்."

"நீ எங்கே தூங்கறே?"

"ஷெட்டுக் கோடியிலே ஒரு ரூம். கண்ணாடி ஜன்னல். ஏதாவது ஆச்சுன்னா பார்க்கணும்லே."

"அங்கேயும் வெளிச்சமா?"

"அதொண்ணும் சாரமில்ல அத்தா. பழகிருச்சு."

கோழி களைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தீனியை நிறுத்தி, முதல் நாள் தண்ணீரையும் நிறுத்தி, விளக்கைக் குறைத்துவிடுவோம், ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் இறகைக் கொட்டும், பிழைத்தவை புது இறகோடு மறுபடி போடும் என்றாய். அந்த நாட்களில் உனக்கு வேலை அதிகம், செத்ததைப் பொறுக்க வேண்டும். பிறகு ஒரு சிரிப்போடு சொன்னாய்: "இறகு கொட்டற கோழி முட்டை போடாதுன்னு எங்க கோழி டாக்டர் அடிச்சுச் சொல்றார். மிஸ்ரி, அதான் எகிப்துக்காரர், நல்லாப் படிச்சவர். நான் விடலை. எங்க வீட்டுக் கலெக்டர் போட்டுச்சு, என் அத்தா சாட்சின்னு சொன்னேன். ஷெட்டே சிரிச்சுது. சிரிக்கட்டும்." நான் சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ குரலைத் தாழ்த்தி, "ரெண்டு தடவை ஷெட்டுக்குள்ளேயே விழுந்துட்டேன் அத்தா. கண்ணு இருட்டிருச்சு. அம்மாகிட்ட சொல்லண்டா" என்றாய். அந்தக் கோழி டாக்டரே உன்னை ஓய்வு எடுக்கச் சொன்னாராம். கலெக்டர் ஓய்வு எடுத்ததா என்று அவரிடம் கேட்டாயாம். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் தந்தி வந்தது, மற்ற ஷெட்டுக்காரன் படுத்துவிட்டான், உடனே வா என்று. விமான நிலையத்தில் என் வாயிலிருந்து வந்தது, "போய்ச் சேர்ந்ததும் எழுது" என்பது மட்டும்.

தலையணை உறையைப் பார்த்த அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ சொல்லவேண்டாம் என்றதையும் சேர்த்து. அவள் உறையை மடித்துக்கொண்டே கேட்டாள். முட்டைக் கதை முடிந்ததும், "அது முதல் நாளே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"முட்டையிலே ரப்பர் தூள் ஒட்டியிருந்துச்சு. எந்தக் கோழிங்க ரப்பர் தூளோட போடும்?"

"பின்னே ஏன் சும்மா இருந்தே?"

"ஒரு கோழிக்காக இவ்வளவு பாடு படறீங்களேன்னு சும்மா இருந்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னும் இருந்தேன்."

"அவனை எழுப்பி உக்கார வச்சேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அவள் மடித்த உறையை மறுபடி விரித்தாள். "அவன் எழுந்து படிச்சானே" என்றாள்.

ஆகவே மகனே, உனக்குப் புத்தி சொல்ல இந்த வீட்டில் தகுதியுள்ளவர் யாரும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். உன் உடம்பும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். விழுந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பதைத் திறமை என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் அக்குளில் முட்டை வைத்திருந்தான். உன் பண்ணை கோழிக்குக்கூட ஓய்வு கொடுக்கிறது. பட்டினி போட்டுத்தான், ஆனாலும் விளக்கைக் குறைக்கிறது. உனக்கு யார் குறைப்பார்கள்? திரும்பி வா. இங்கே மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் படு. அந்த மிஸ்ரி டாக்டரிடம், என் அத்தா பொய்ச் சாட்சி என்று சொல்லிவிடு. இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, நீ வரமாட்டாய். பதினொரு வயதில் பார்த்த முட்டையை இருபத்து மூன்று வயதில் வந்த கடிதம் அழித்துவிடாது. அத்தாவுக்கு வயதாகிவிட்டது, என்மேல் உள்ள பாசத்தில் ஏதோ புனைகிறார் என்று நினைப்பாய். பொய்யை ஒரே தரத்தில் நம்பியவன், உண்மையை மட்டும் ஆராய்ந்து பார்ப்பான். உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

இதுவரை எழுதி ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று உன் கடிதம் வந்தது. இரண்டாவது ஷெட்டையும் உன்னிடமே கொடுத்துவிட்டார்கள், மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கூடவே ஒரு படம். கோழிக்கூண்டுகளுக்கு நடுவில் நிற்கிறாய், தலையில் தொப்பி, காதுவரை இழுத்து விட்டிருக்கிறாய். அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "தொப்பி நல்லா இருக்குன்னு எழுதுங்க. பையன் சந்தோஷப்படுவான்" என்றாள்.

நான் எழுதவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் அத்தா